கடற்கரையில் ஒரு வாரத் தங்கல்: ஒழுங்கான ஃபோ எங்கே தேடுவது?

கேள்வி

கடலோரச் சுற்றுலாப் பகுதியில் சமையலறையோடு கூடிய வாடகை வீடு, நாலு பேர், ஒரு வாரம். வரைபடத்தில் வியட்நாமிய உணவு என்று தேடினால் சூஷியும் தாய்லாந்து நூடுல்ஸும் கலந்து விற்கிற இடங்கள்தான் வருகின்றன. நல்ல ஃபோ (எலும்புச் சாற்றில் அரிசி நூடுல்ஸ் போட்ட வியட்நாமிய சூப்) கிடைக்கும் கடையை எப்படி அடையாளம் காண்பது? ஒருவர் மாட்டிறைச்சி சாப்பிடமாட்டார், இன்னொருவருக்கு இறால் ஒவ்வாமை. கடையே சிக்காவிட்டால் வீட்டில் செய்துகொள்ள முடியுமா?

உப்புக்காற்று:

நாட்டின் பெயரைப் போட்டுத் தேடாதீர்கள். ஃபோ (pho), பான் மீ (banh mi, வியட்நாமிய சாண்ட்விச்), புன் (bun, மெல்லிய அரிசி நூடுல்ஸ்) என்று உணவின் பெயரை ஆங்கில எழுத்தில் போடுங்கள். பல கடைகளின் பெயர்ப்பலகையிலேயே அந்தச் சொல் இருக்கும். தேடும் வட்டத்தையும் கடலிலிருந்து உள்ளே இருபது கிலோமீட்டர் வரை விரியுங்கள். மணலை ஒட்டிய தெருவில் கடை வாடகை அதிகம், வருகிறவர்களும் கலவையானவர்கள். அதனால் அங்கே எல்லா நாட்டுச் சாப்பாட்டையும் ஒரே மெனுவில் அடைத்துவிடுவார்கள். எலும்பை ஆறேழு மணி நேரம் கொதிக்கவிடுகிற கடை பெரும்பாலும் ஊர்க்காரர்கள் குடியிருக்கும் பக்கம், ஆசிய மளிகைக் கடைக்கு அருகில், அல்லது மீன்பிடித் துறைமுகத்துக்குப் பின்னால் இருக்கும். அமெரிக்காவின் மெக்சிகோ வளைகுடாக் கரை இதற்கு நல்ல உதாரணம்: 1975க்குப் பிறகு அங்கே குடியேறிய வியட்நாமியர் பலர் இறால் பிடிக்கும் தொழிலுக்குப் போனார்கள்.

நட்சத்திர மதிப்பெண்ணை விட வாடிக்கையாளர் எடுத்த மெனு படம் பயன்படும். ஃபோவுக்குக் கீழே டாய் (பச்சையாகச் சீவியது), சின் (நன்றாக வெந்தது), நாம் (வயிற்றுப்பக்கச் சதை), கன் (தசைநார்) என்று இறைச்சித் துண்டுகளைத் தனித்தனியாகப் பிரித்துப் போட்டிருந்தால் நம்பிப் போகலாம். வெறும் 'மாட்டு நூடுல்ஸ் சூப்' என்றிருந்தால் எனக்குச் சந்தேகம்தான். முளைப்பயறும் துளசியும் தட்டில் வரவில்லை என்று கடையைக் குறை சொல்லவேண்டாம். அது தெற்கத்திய வழக்கம். வடக்கே ஹனோய் பாணியில் வெங்காயத்தாளோடு நிறுத்திக்கொள்வார்கள்.

கிளம்புமுன் போன் செய்யுங்கள். சீசன் இல்லாத மாதங்களில் வரைபடத்தில் 'திறந்திருக்கிறது' என்று காட்டும், கதவு பூட்டியிருக்கும். வியட்நாமில் ஃபோ காலைச் சாப்பாடு. சின்னக் கடைகளில் பானை தீர்ந்தால் அன்றைக்கு அவ்வளவுதான். சீக்கிரம் போவதே மேல்.

தனியாவிதை:

மெனுவில் பார்க்கவேண்டிய சொற்கள்: போ என்றால் மாடு, கா கோழி, ஹேயோ பன்றி, தோம் இறால், சாய் சைவம். ஆனால் ஃபோ கா என்று போட்டிருந்தாலே மாடு இல்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இரண்டு பானை வைக்க இடமில்லாத கடைகளில் மாட்டெலும்புச் சாறிலேயே கோழியைப் போட்டுத் தருவதுண்டு. 'சாறு எந்த எலும்பு?' என்று கேட்டுவிடுங்கள்.

இறால் ஒவ்வாமைக்கு இன்னும் கவனம் வேண்டும். கண்ணுக்குத் தெரிகிற இறாலை ஒதுக்கிவிடலாம், தெரியாததுதான் ஆபத்து. புன் போ ஹுவே என்கிற காரமான மாட்டு நூடுல்ஸ் சூப்பில் இறால் விழுது கரைந்திருக்கும். ஹூ தியூ என்கிற தெற்கத்திய நூடுல்ஸ் சூப்பின் சாற்றில் காய்ந்த இறாலும் கணவாயும் போடுவார்கள். பொரித்த ரோலில் இறால் இல்லை என்றாலும் அதே எண்ணெயில் இறால் பொரித்திருக்கலாம். கோழி பான் மீ கேட்பது ஓரளவு பாதுகாப்பு, ஆனால் உள்ளே தடவும் பேட் (pâté என்கிற இறைச்சி விழுது) பெரும்பாலும் பன்றி ஈரல். வேண்டாதவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

வெங்காயத்தாள்:

வீட்டில் செய்வதானால் கோழி ஃபோதான் சரி. மாட்டெலும்புக்கு நேரமும் பெரிய பானையும் வேண்டும், வாடகை வீட்டில் இரண்டும் இருக்காது. நாலு பேருக்கு: ஒன்றரை கிலோ முழுக்கோழி, மூன்று லிட்டர் தண்ணீர், ஒரு பெரிய வெங்காயம், விரல் நீள இஞ்சி, ஒரு மேசைக்கரண்டி தனியா, அன்னாசிப்பூ இரண்டு, சின்னப் பட்டை ஒன்று, கிராம்பு இரண்டு. மசாலாவை வெறும் சட்டியில் வாசனை வரும்வரை வறுத்துப் போடுங்கள். அன்னாசிப்பூவைக் கூட்டினால் கஷாய வாசனை வந்துவிடும், அப்புறம் சரிசெய்ய வழியில்லை.

கொதி வந்ததும் தீயைக் குறைத்து நுரையை எடுத்துவிடுங்கள். ஓரத்தில் ஒன்றிரண்டு குமிழி எழும்பினால் போதும். தளதளவென்று கொதித்தால் கொழுப்பு தண்ணீரோடு கலந்து சாறு கலங்கிப்போகும். முக்கால் மணி நேரத்தில், தொடை வெந்ததைப் பார்த்து, கோழியை எடுத்துச் சதையைப் பிரியுங்கள். எலும்பை மட்டும் திரும்பப் போட்டு இன்னும் ஒரு மணி நேரம். வடிகட்டி, கடைசியில் மூன்று மேசைக்கரண்டி மீன் சாஸ், கொஞ்சம் கற்கண்டு. மீன் சாஸ் பாட்டிலில் நெத்திலி, உப்பு இரண்டும் மட்டும் எழுதியிருப்பது நல்லது. இறால் ஏதும் சேர்த்திருக்கிறதா என்று லேபிளைப் படியுங்கள்.

காய்ந்த அரிசி நூடுல்ஸ் ஆளுக்கு நூறு கிராம். அரைமணி நேரம் சாதாரணத் தண்ணீரில் ஊறவைத்து, கொதிநீரில் இருபது விநாடி காட்டி, நேரே கிண்ணத்துக்கு. ஊறவைக்காமல் பானையில் போட்டு வேகவிட்டால் வெளியே குழைந்து உள்ளே விறைப்பாக நிற்கும்.

கேட்டவர்:

வீட்டில் இண்டக்‌ஷன் அடுப்புதான். வெங்காயத்தையும் இஞ்சியையும் தீயில் சுடவேண்டும் என்கிறார்களே? இன்னொன்று, கடையிலிருந்து பார்சல் வாங்கினால் தாங்குமா?

வெங்காயத்தாள்:

தோலோடு பாதியாக வெட்டி, எண்ணெயில்லாத இரும்புத் தோசைக்கல்லிலோ கனமான வாணலியிலோ வெட்டுமுகம் கீழே இருக்கும்படி பத்து நிமிடம் அசைக்காமல் விடுங்கள். வெட்டுமுகம் கறுக்கவேண்டும், பொன்னிறம் போதாது. பிறகு கருகின தோலை உரித்துவிடுங்கள், இல்லாவிட்டால் சாறு கசக்கும். டெஃப்லான் சட்டியில் இதைச் செய்யவேண்டாம்.

உப்புக்காற்று:

பார்சல் தாங்கும், சாறும் நூடுல்ஸும் தனித்தனி டப்பாவில் வந்தால். ஒன்றாக வந்தால் கால்மணி நேரத்தில் நூடுல்ஸ் சாற்றைக் குடித்துக் கூழாகிவிடும். மாட்டு ஃபோ வாங்குகிறவர்கள் டாய் கேட்காமல் சின் கேளுங்கள். டாய் என்பது பச்சையாகச் சீவிய துண்டு. பானையிலிருந்து நேரே ஊற்றும் சூட்டில்தான் அது வேகும். வழியில் ஆறிப்போன சாற்றில் பச்சையாகவே கிடக்கும். டாய்தான் கிடைத்தது என்றால் சாற்றை அடுப்பில் வைத்து நன்றாகக் கொதிக்கவிட்டு, அந்தத் துண்டுகளை அதற்குள் போட்டு நிறம் மாறியபின் கிண்ணத்தில் ஊற்றுங்கள்.