பத்துக்கு ஆறு

குழு: தண்டையார்பேட்டை, நம் தெரு

கலா: எல்லோருக்கும் வணக்கம். மனது ஆறவில்லை, அதனால்தான் இங்கே எழுதுகிறேன். ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகளின் சமூக அறிவியல் செயல்திட்டத்துக்குப் பத்துக்கு ஆறு போட்டிருக்கிறார்கள். மீன்பிடித் தடைக்காலம் பற்றி எழுதியிருந்தாள். தாத்தாவோடு காசிமேட்டுக்குப் போய் விசைப்படகுக்காரர்களிடம் கேட்டு எழுதியது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடை, முன்பு 45 நாளாக இருந்தது 2017இல் 61 நாளானது, அந்த நாட்களில் அடுப்பெரிய யாரிடம் கடன் வாங்குகிறார்கள் என்பது வரை சொந்தக் கையெழுத்தில் எட்டுப் பக்கம்.

கலா: அதே வகுப்பில், கடையில் வண்ணப்படம் அச்சடித்து ஒட்டிய சார்ட்டுக்குப் பத்துக்குப் பத்து.

முருகன்: அதனால்தான் சொல்கிறேன், இந்தச் செயல்திட்டமே வேண்டாம். பரீட்சை வைத்தால் போதும். பணம் உள்ளவன், இல்லாதவன் என்ற பேச்சே வராது.

கலா: வேண்டாம் அண்ணா, அப்படிச் சொல்லாதீர்கள். வகுப்பில் வாய் திறக்காத பெண், முன்பின் தெரியாத பெரியவர்களிடம் கேள்வி கேட்டுவிட்டு வந்தாள். அதை எந்தப் பரீட்சை கற்றுக்கொடுக்கும்?

ரேவதி: கலா அக்கா, அந்தச் சார்ட் என் மகனுடையது. வேலை முடிந்து வீடு வர இரவு எட்டு மணி ஆகிறது. அச்சடிக்காமல் அனுப்பினால் மதிப்பெண் குறையும் என்று எல்லோரும் சொன்னார்கள், பயந்துபோய் 150 ரூபாய் கொடுத்து எடுத்து வந்தேன். அவன் ஒரு வரிகூட எழுதவில்லை. அந்தப் பத்து எனக்கும் மகிழ்ச்சியாக இல்லை.

கலா: உன்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை ரேவதி.

சாந்தி: நானும் ஏழாம் வகுப்புக்குப் பாடம் எடுப்பவள், வேறு பள்ளியில். பருவம் முழுக்க வகுப்பு வேலைகளைப் பார்த்துப் போடும் வளரறி மதிப்பீட்டுக்கு 40, பருவ முடிவுத் தேர்வான தொகுத்தறிக்கு 60. அந்த 40இல்தான் செயல்திட்டமும் வருகிறது. பருவ முடிவில் நாற்பது பேருடையதும் ஒரே நாளில் மேசையில் குவியும். எட்டுப் பக்கத்தைப் படிக்க நேரம் இருக்காது, பளிச்சென்று இருப்பதில்தான் கண் போகும். சரி என்று சொல்லவில்லை, அப்படித்தான் நடக்கிறது.

ராஜேந்திரன் சார்: பொதுத்தேர்வு விடைத்தாள் திருத்தும் மையங்களுக்குப் பல ஆண்டுகள் போனவன் என்பதால் இதைச் சொல்கிறேன். அங்கே எந்தப் பிள்ளையின் தாள் என்று திருத்துபவருக்குத் தெரியாது. முகப்புத்தாளில் பெயர் இருக்கும் பகுதியை எடுத்த பிறகுதான் கட்டு கைக்கு வரும். எல்லோருக்கும் ஒரே விடைக்குறிப்பு. உதவித் தேர்வாளர் திருத்தியதைக் கூர்ந்தாய்வு அலுவலர் பார்ப்பார், அவருக்கு மேல் முதன்மைத் தேர்வாளர். அதற்குப் பிறகும் பிளஸ் டூ மாணவர் விடைத்தாள் நகல் வாங்கிப் பார்த்து, மறுகூட்டலோ மறுமதிப்பீடோ கேட்கலாம். இத்தனை காவலும் எதற்கு? நல்ல ஆசிரியரின் கையும் சில நேரம் சாயும் என்பதால்தான். வகுப்பறை மதிப்பெண்ணுக்கு இதில் எந்தக் காவலும் கிடையாது. அங்கே பிள்ளையின் முகம் தெரியும், அப்பா என்ன வேலை செய்கிறார் என்பதும் தெரியும். குறிப்பு எதுவும் இல்லாமல் மனதில் பட்டதைப் போட்டால், கேட்பதற்கும் வழியில்லை.

முருகன்: ஏழாம் வகுப்புதானே சார், இதை வைத்து என்ன ஆகிவிடப் போகிறது?

தீபன்: அப்படி விட முடியாது மாமா. 2021இல் எங்களுக்குப் பிளஸ் டூ தேர்வு ரத்தானது. பத்தாம் வகுப்பிலிருந்து 50 சதவீதம், பிளஸ் ஒன்னிலிருந்து 20, பிளஸ் டூ செய்முறை, அகமதிப்பீட்டிலிருந்து 30 என்று கணக்கிட்டார்கள். பள்ளியில் போட்டுக்கொடுத்த மதிப்பெண்ணும் சேர்ந்துதான் கல்லூரிக்குப் போனோம்.

கலா: சார், நான் போய்ச் சண்டை போட்டால் அந்த ஆசிரியை என் மகளை வேறு மாதிரி பார்க்கத் தொடங்கிவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது.

ராஜேந்திரன் சார்: சண்டை வேண்டாம் அம்மா. பத்து போடுங்கள் என்றும் கேட்காதீர்கள். எதற்கு எத்தனை என்று கேளுங்கள். என்னைக் கேட்டால் தானே திரட்டிய செய்திக்கு நான்கு, செய்தி சரியாக இருப்பதற்கு மூன்று, வாயால் விளக்குவதற்கு இரண்டு, நேர்த்திக்கு ஒன்று. இதை வேலை கொடுக்கும் நாளிலேயே பிள்ளைகளிடம் சொல்லிவிட வேண்டும். செய்த பிறகு சொல்வதில் பயனில்லை.

சாந்தி: சார், இதை அடுத்த பருவத்தில் என் வகுப்புப் பலகையில் எழுதிப் போட்டுவிடுகிறேன். ஒரு பிள்ளையிடம் இரண்டே கேள்வி கேட்டால் போதும், யார் செய்தது என்று தெரிந்துவிடும்.

ரேவதி: அக்கா, நானும் உங்களோடு வருகிறேன். கடையில் அச்சடித்ததை ஏற்கக் கூடாது என்று என் வாயாலேயே சொல்கிறேன். மற்ற அம்மாக்களுக்கும் இந்தச் செலவு மிச்சமாகும்.

கலா: வா ரேவதி. ஆறை மாற்றச் சொல்லாதே, மீதி நான்கு எங்கே போனது என்று மட்டும் கேள் என்கிறாள் மகள். திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குப் புறப்படுகிறேன்.

ராஜேந்திரன் சார்: அந்த எட்டுப் பக்கத்தையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். ஒரு பக்கமாவது அவரை உங்கள் முன்னாலேயே படிக்கச் சொல்லுங்கள்.