பழைய பட்டாளத்து மெடல்கள்: உங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லுங்கள்

கோப்பாய்:
போன மாதம் யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியில் ஒரு நகைக்கடை. சங்கிலிக்குக் கொக்கி மாற்றக் கொடுத்துவிட்டு நின்றேன். வயதான ஓர் அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு வெள்ளி மெடலை எடுத்து வைத்தார். ஒரு பக்கம் ஐந்தாம் ஜோர்ஜ், மறுபக்கம் குதிரைவீரன், 1914, 1918. கிட்டத்தட்ட 32 கிராம் இருக்கும். நான் வாய் திறப்பதற்குள் பத்தர் மேலே இருந்த கம்பியைக் கத்தரித்து, மெடலை மூசைக்குள் போட்டுவிட்டார். அது சரிந்து கிடந்தபோதுதான், மெடல் பெற்றவரின் பெயர் அடித்த விளிம்பு தெரிந்தது. ஓர் இலக்கம், பக்கத்தில் ‘எஸ்’. மீதியை வாசிப்பதற்குள் சிவந்துவிட்டது. அந்த அம்மாவும் காசை வாங்கிக்கொண்டு போய்விட்டார். இன்றுவரை நித்திரை சரியில்லை.

நல்லூர்:
உங்களுக்கு ஓர் எழுத்தாவது கிடைத்தது. 1995 ஒக்ரோபர் 30 இரவு, சண்டையால் ஊரைவிட்டு வெளிக்கிட்டபோது அப்பப்பாவின் பர்மா ஸ்டாரை, இரண்டாம் உலகப்போரில் பர்மாவில் நின்றவர்களுக்குக் கொடுத்த ஆறுமுனை மெடலை, றங்குப்பெட்டியில் விட்டுவிட்டோம். 96இல் வந்து பார்த்தால் பெட்டி திறந்து கிடந்தது. றிபன் மட்டும் நிலத்தில். நடுவில் சிவப்பு, இரு கரையும் கடுநீலம், அதற்குள் செம்மஞ்சள் கோடு. இரண்டாம் போர் ஸ்டார்களில் பிரிட்டன் வீரர்களின் பெயரை அடிக்கவில்லை, இந்தியா, அவுஸ்திரேலியா, தென்னாபிரிக்கா போன்றவை கொடுத்தவற்றில்தான் உண்டு. பழைய சாமான் கடையில் ஆறுமுனையைக் கண்டால் எடுத்துத் திருப்பிப் பார்ப்பேன். பின்பக்கம் வெறுமையாக இருக்கும். அப்பப்பாவுடையதோ என்னவோ, எப்படிச் சொல்வது?

வட்டுக்கோட்டை:
கோப்பாய் அண்ணை, குறை நினைக்காதேங்கோ. பத்தர் கத்தரியை எடுக்கும்போதே “பொறுங்கோ, நான் வாங்குறன்” என்று சொல்லியிருக்கலாம். அந்த அம்மாவுக்கும் நாலு காசு கூடக் கிடைத்திருக்கும். எங்கள் வீட்டில் இருந்ததை அம்மா வருசப்பிறப்புக்கு வருசப்பிறப்பு புளி போட்டு மினுக்கி, ராசாவின் மூக்கே தேய்ந்துபோயிற்று. ஆகவே எல்லாரும் கேளுங்கள். புளி, சாம்பல், பிராசோ பொலிஷ் எதுவும் வேண்டாம். கறுப்பு அப்படியே இருக்கட்டும். முதற்போரின் வட்ட மெடல் கையில் வந்தால் முதலில் விளிம்பைப் பாருங்கள், பெயர் அங்கேதான் இருக்கும். பெயரை அரத்தால் ராவியிருந்தால் அந்த இடத்தில் விளிம்பு மெலிந்திருக்கும், விரலுக்கே தெரியும். வெள்ளி மெடலோடு சிறகு வைத்த உருவமுள்ள வெண்கல மெடலும் ஒரே பெயரில் இருந்தால் தயவுசெய்து பிரித்து விற்காதீர்கள். வார்ப்பில் செய்த போலியில் எழுத்து மழுங்கியிருக்கும், மேற்பரப்பில் மணல்போல் சிறு குழிகள் தெரியும். 1980இல் வெள்ளி விலை ஏறியபோது இங்கிலாந்திலேயே எவ்வளவோ உருக்கிவிட்டார்கள். மிச்சம் இருப்பது கொஞ்சம்தான்.

கோப்பாய்:
தம்பி, சொன்னது சரி. எனக்கு நா எழவில்லை. செவ்வாய்க்கிழமை திரும்பப் போனேன். கத்தரித்த கம்பி லாச்சிக்குள் கிடந்தது, பத்தர் காசு வாங்காமல் தந்தார். அந்த அம்மா பருத்தித்துறை பஸ்சுக்கு நேரமாகிறது என்றாராம். சனிக்கிழமை அங்கே போகிறேன்.