பியே ஜேசுவைப் பாடவேண்டியது யார்?

நரிமேடு பேஸ்:
பிரெஞ்சு இசையமைப்பாளர் ஃபோரேயின் ரெக்வியத்துக்கு, அதாவது இறந்தவர்களுக்கான திருப்பலி இசைக்கு, புதிதாக ஒரு ஒலிப்பதிவு வந்திருக்கிறது. அதில் ஒற்றைக் குரல் பாடுகிற பகுதிதான் பியே ஜேசு. அந்த ஒலிப்பதிவைப் பற்றி வைகைக்கரை நேற்று இங்கே எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை. "பியே ஜேசு பெண் குரலுக்காகவே எழுதப்பட்டது, இந்தப் பதிவில்தான் அது சரியாக அமைந்திருக்கிறது" என்கிறார். 1888 ஜனவரி 16, பாரிஸ் மதலேன் ஆலயம். முதன்முதலில் பாடியது லூயி ஓபேர் என்ற பத்து வயதுச் சிறுவன். இது தெரியாமல் எப்படித் தீர்ப்புச் சொல்கிறார்கள்? புதிய பதிவில் அந்த அம்மா 'தோனா' ('தந்தருளும்') என்று எடுக்கும்போதே குரல் ஆடுகிறது. கீழே ஆர்கன் மெல்லப் போக, மேலே நூல் பிடித்த மாதிரி நேராக நிற்கவேண்டிய சுரம் அது.

வைகைக்கரை:
அண்ணே, அந்த ஆலயத்தில் பெண்களைப் பாடவிடவில்லை. அதனால் சிறுவன் பாடினான். கட்டாயத்தை விருப்பம் என்று ஏன் மாற்றுகிறீர்கள்? 1900இல் முழு வாத்தியக் குழுவோடு த்ரொகதேரோ மண்டபத்தில் நடந்தபோது பாடியது பெண். எம்.எஸ். பிறந்த ஊரில் இருந்துகொண்டு, பெண் குரல் ஆடுகிறது என்று எழுத உங்களுக்கு எப்படி மனசு வந்தது?

நரிமேடு பேஸ்:
எம்.எஸ்.ஸை எதற்கு இழுக்கிறீர்கள்? கமகம் வேறு, இந்த நடுக்கம் வேறு. நான் கேட்டதற்குப் பதில் வரவில்லை. 1888இல் பாடியது சிறுவன்.

கீழவெளி ஆர்கன்:
1888, 1888 என்கிறீர்களே, அன்றைக்கு ரெக்வியத்தில் ஓஃபெர்த்துவார் என்ற பகுதியும் கிடையாது, லிபெரா மே என்ற பகுதியும் கிடையாது. ஐந்து பகுதிகள்தான். 1888தான் சரி என்றால் லிபெரா மேயை வெட்டிவிடலாமா? அதில் பாரிடோன் என்கிற நடுத்தர ஆண் குரல் பாடும்போது மட்டும் கண்ணை மூடி ரசிப்பீர்கள். வயலின் கூட்டமே இல்லாமல், வயோலாவையும் செல்லோவையும் வைத்து இருட்டாக ஒலிக்கும் சின்னக் குழுவை இந்தப் பதிவில் அப்படியே வைத்திருக்கிறார்கள். சாங்க்துஸ் பகுதியில் அந்த ஒற்றை வயலின் மேலே எழுந்து வருகிற இடத்தைப் பற்றி ஒருவரும் பேசக் காணோம்.

நரிமேடு பேஸ்:
லிபெரா மேயைப் பற்றி யார் கேட்டார்? பியே ஜேசுவைப் பற்றிப் பேசுகிறேன். பன்னிரண்டு வயதில் இதை நான் பாடியிருக்கிறேன், தம்பி. கல்லறைத் திருநாள் மாலை. பாடகர் குழு ஆசிரியர் சால்ஃபா என்கிற எழுத்துச் சுரக்குறிப்பில் எழுதிய தாளோடு என் எதிரே மண்டியிட்டு, மூச்சு எடுக்கும் இடங்களைக் கண்ணால் காட்டினார். அடுத்த தவக்காலத்துக்குள் என் குரல் உடைந்துவிட்டது. நித்திய இளைப்பாற்றி கேட்கிற பாட்டை, சீக்கிரமே போய்விடப் போகிற ஒரு குரல் கேட்கவேண்டும். அதனால்தான் சிறுவன்.

அரசரடி டெனர்:
போன வருடம் அதே திருநாளுக்குச் சிறுவர்கள்தான் பாடினார்கள். யார் காதிலாவது விழுந்ததா? கீபோர்டு சத்தத்தில் எல்லாம் அமுங்கிப் போயிற்று. வாசித்தது யார் என்று கீழவெளி ஆர்கனுக்கு நன்றாகத் தெரியும்.

கீழவெளி ஆர்கன்:
ஸ்பீக்கரைப் பையன்கள் முகத்துக்கு நேரே திருப்பி வைத்தது உயர்ந்த ஆண் குரலில் பாடுகிற டெனர்கள். அதற்கு முன்னால் மூன்று நாள் ஒத்திகைக்கு வராதவர் இங்கே வந்து சத்தத்தைப் பற்றிப் பேசுகிறார்.

வைகைக்கரை:
பேஸ் அண்ணே, என் அம்மாவின் அடக்கத்தில் பியே ஜேசுவைப் பாடியது நான். கடைசி வரியில் என் குரலும் ஆடியது. சிறுவன் பாடவேண்டிய பாட்டு என்று அன்றைக்கு யாரும் எழுந்து சொல்லவில்லை.

நரிமேடு பேஸ்:
அதைப் பற்றி நான் ஒரு வார்த்தை சொல்வேனா, தங்கச்சி? துக்கத்தில் ஆடுகிற குரல் வேறு. ஸ்டுடியோவில் திரும்பத் திரும்ப எடுக்க வழி இருந்தும் ஆடவிட்டதைத்தான் சொல்கிறேன். நேற்று ராத்திரி ஹெட்போன் போட்டு மூன்று தடவை கேட்டேன். மூன்று தடவையும் அதே 'தோனா'வில் ஆடுகிறது. அப்புறம் விட்டுவிட்டேன். சிறுவன்தான் பாடவேண்டும்.

வைகைக்கரை:
1900.

அரசரடி டெனர்:
ஒத்திகைக்கு நான் வராதது இரண்டு நாள். மூன்று இல்லை.