நோயினால் தன்னையறியாமல் எழும் இழிசொல்: சொன்னவர், கேட்டவர் இருவரையும் எப்படிக் காப்பது?

கேள்வி

12 பேர் கொண்ட ஓர் அலுவலகக் குழுவுக்கு நான் பொறுப்பாளர். ஆறு மாதங்களுக்கு முன் எங்களுடன் சேர்ந்த ஒருவருக்கு, விருப்பமின்றியே உடல் அசைவுகளும் ஒலிகளும் எழும் நரம்பியல் நிலையான டூரெட் நோய்க்குறி இருக்கிறது. அவருடைய தோள் குலுங்குவதும் தொண்டைச் செருமலும் எங்களுக்குப் பழகிவிட்டன. ஆனால், சில வாரங்களாகக் கூட்டங்களின் நடுவே, பிறப்பைச் சுட்டி இழிவுபடுத்தும் ஒரு சொல் அவரிடமிருந்து உரக்க வெளிப்படுகிறது. அந்தச் சொல் எந்தச் சமூகத்தாரை இழிவுபடுத்துமோ, அதே சமூகத்தைச் சேர்ந்த பெண் ஒருவரும் எங்கள் குழுவில் இருக்கிறார். அவர் அதைத் தன்னையறியாமல் சொல்கிறார் என்று அந்தப் பெண்ணிடம் விளக்கினேன். “தெரியும்” என்று மட்டும் சொன்னார். அதன் பிறகு கூட்டங்களுக்கு வருவதைக் குறைத்துக்கொண்டார். முன்னவரை விலக்கினால் நோய்க்காக ஒருவரைத் தண்டித்ததாகும். எதுவும் செய்யாமல் இருந்தால் பின்னவர் தாமாகவே விலகிப் போகிறார். நான் என்ன செய்ய வேண்டும்?

மறுமொழி 1

எனக்கும் டூரெட் உண்டு. ஏழு வயதில் தொடங்கியது. முதலில் ஒரு திருத்தம்: அவர் அதைத் தன்னையறியாமல் சொல்லவில்லை. அச்சொல் வெளிவருவதற்கு முன்பே அது வருகிறது என்பது பெரும்பாலும் எங்களுக்குத் தெரியும். தும்மல் வருவதற்கு முன் மூக்கில் ஏற்படும் உறுத்தலைப் போன்ற ஓர் உந்துதல் திரண்டு, வெளியேறிய பின்புதான் அடங்குகிறது. சிறிது நேரம் அடக்கிவைக்க முடியும் என்பதும் உண்மை. ஆனால் அந்த நேரத்தில் முழுக் கவனமும் அடக்குவதிலேயே செலவாகிவிடும். கூட்டத்தில் என்ன பேசினார்கள் என்பதே மனத்தில் நிற்காது. “கொஞ்சம் கட்டுப்படுத்திக்கொள்ளுங்கள்” என்று யாராவது சொன்னால், அந்தப் பதற்றமே அதைப் பெருக்கிவிடும்.

இழிசொல் வெளிப்படும் இந்த வகையைக் கொப்ரோலாலியா என்பார்கள். டூரெட் உள்ளவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கே அது இருக்கிறது. பெரும்பாலோருக்கு அது இல்லை என்பதைக் குழுவினர் அறிந்திருப்பது நல்லது. பிரெஞ்சு நரம்பியல் மருத்துவர் ழில் த லா டூரெட் இந்நோயை 1885-இல் விவரித்த காலத்திலிருந்தே இந்த அறிகுறியும் பதிவாகியிருக்கிறது. எந்த இடத்தில் எந்தச் சொல்லைச் சொல்லவே கூடாதோ, அந்த இடத்தில் அதே சொல்தான் முந்திக்கொண்டு வருவதும் உண்டு. அதைக் கேட்பவர்கள் மனத்தில் இருப்பதுதான் வாயில் வருகிறது என்று எண்ணிக்கொள்கிறார்கள். அப்படி அல்ல, சொல்லிவிடுவோமோ என்ற அச்சமே அந்தச் சொல்லுக்கு வழி திறந்துவிடுகிறது என்பதுதான் என் அனுபவம்.

டிக் (இப்படித் தானாக எழும் அசைவோ ஒலியோ) வெளிப்படும் ஒவ்வொரு முறையும் அவரை மன்னிப்புக் கேட்க வைக்காதீர்கள். தொடக்கத்தில் ஒருமுறை, அவரே விரும்பினால், தன் நிலையைத் தன் சொற்களில் குழுவுக்கு விளக்கட்டும். அவருடைய சம்மதம் இல்லாமல் வேறு யாரும் அதைச் செய்யக் கூடாது.

மறுமொழி 2

மேலே எழுதியவர் சொன்ன எல்லாவற்றையும் நான் ஏற்கிறேன். ஆனால் நான் அந்தப் பெண்ணின் இடத்தில் இருந்தவள். என்னுடன் பணியாற்றியவரிடமிருந்தும் அத்தகைய சொல் வந்தது. அவர் மீது எனக்குக் கோபமே வரவில்லை. ஆயினும் அந்தச் சொல் என் காதில் விழுந்ததும், பள்ளிப் பருவத்தில் அதைக் கேட்டுக் கூனிக் குறுகி நின்ற சிறுமியாகிவிட்டேன். சொன்னவருக்கு நோக்கம் இல்லை என்பது அவரைக் குற்றத்திலிருந்து விடுவிக்கிறது. என் உடல் நடுங்குவதை அது நிறுத்துவதில்லை. இவ்விரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும் என்பதைத்தான் என் மேலாளரால் கடைசிவரை புரிந்துகொள்ள முடியவில்லை.

என்னை அதிகம் காயப்படுத்தியது அந்தச் சொல் அல்ல. அதற்குப் பிறகு அறையில் நடந்ததுதான். எல்லோரும் அவரைப் பார்த்து, “பரவாயில்லை, எங்களுக்குப் புரிகிறது” என்றார்கள். அந்தச் சொல் யாரைச் சுட்டியதோ அந்த ஒருத்தியின் சார்பில், அவளைக் கேட்காமலேயே மன்னிப்பு வழங்கிவிட்டார்கள். அதன் பிறகு நான் வருத்தம் தெரிவித்திருந்தால், நோயாளியைப் புரிந்துகொள்ளாத கல்நெஞ்சக்காரி ஆகியிருப்பேன். உங்கள் சக ஊழியர் “தெரியும்” என்று மட்டும் சொன்னதன் பொருள் இதுவாகவும் இருக்கலாம். நீங்கள் அவரிடம் மருத்துவத்தை விளக்கியிருக்கிறீர்கள்; அவருக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டீர்களா?

மறுமொழி 3

சட்டப் பக்கத்தைப் பற்றிச் சுருக்கமாக ஒன்று சொல்கிறேன். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் குறித்து ஐக்கிய நாடுகள் அவை 2006-இல் ஏற்ற உடன்படிக்கை, நியாயமான தகவமைப்பை, அதாவது மாற்றுத்திறனாளி மற்றவர்களுக்குச் சமமாகப் பங்கேற்கத் தேவையான மாற்றங்களைச் செய்துதருவதை, மறுப்பதையும் பாகுபாடு என்றே வரையறுக்கிறது. அளவுக்கு மீறிய சுமையாக மாறுவது மட்டுமே அதற்கு எல்லை. பொதுவாக அந்தச் சுமையை நிறுவனத்தின் பணம், இடம், ஆள்பலம் ஆகியவற்றைக் கொண்டே கணக்கிடுகிறோம். இங்கோ நிறுவனம் எதையும் செலவிடாமல், ஏற்பாட்டின் முழு விலையையும் ஓர் ஊழியரின் மனத்திலிருந்து எடுத்துக்கொண்டிருக்கிறது. எனவே இதை அவ்விருவருக்கும் இடையிலான வழக்காகப் பார்க்காதீர்கள்; நிறுவனம் தன் பங்கைச் செலுத்தவில்லை என்பதே கோளாறு.

செய்யக்கூடியவை பல இருக்கின்றன. நீண்ட கூட்டங்களைச் சுருக்கி இடைவேளை விடலாம். களைப்பும் பரபரப்பும் டிக்கைக் கூட்டும். அவர் எப்போது வேண்டுமானாலும் எழுந்து சென்று திரும்பக்கூடிய தனியறை ஒன்று இருக்கட்டும். ஆனால் அதையே அவருடைய நிரந்தர இருக்கையாக்கிவிடக் கூடாது. காணொளிக் கூட்டமாக இருந்தால், ஒலிவாங்கியை அணைத்துவைத்துத் தாம் பேசும்போது மட்டும் திறக்கும் வழக்கத்தை எல்லோருக்கும் பொதுவாக்கலாம். டிக்கைக் கையாளப் பயிற்றுவிக்கும் நடத்தைச் சிகிச்சையும் உண்டு. அதை மேற்கொள்வது அவருடைய விருப்பம், வேலையில் நீடிப்பதற்கான நிபந்தனையாக அது ஆகக் கூடாது. அந்தப் பெண்ணுக்கும் இதே உரிமைகள் வேண்டும்: காரணம் சொல்லாமல் எழுந்து செல்லவும், கூட்டத்தில் நடந்ததைப் பின்னர் முழுமையாகப் பெறவும், அதனால் பணி மதிப்பீட்டில் எதையும் இழக்காமல் இருக்கவும்.

கேள்வி கேட்டவரின் பதில்

மறுமொழி 2-ஐ எழுதியவருக்கு நன்றி. அந்தப் பெண்ணிடம் அவருக்கு எப்படி இருக்கிறது என்று நான் கேட்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். இன்று காலை அவரிடம் தனியாகப் பேசினேன். இம்முறை எதையும் விளக்கவில்லை. அந்தச் சொல் வரும்போது யாரும் தன்னைத் திரும்பிப் பார்க்காமல் இருந்தால் போதும் என்றும், ஆனால் கூட்டம் முடிந்த பின் நான் ஒருமுறையாவது வந்து கேட்க வேண்டும் என்றும் சொன்னார். தனியறைக்கு இன்று அனுமதி கேட்டிருக்கிறேன். மற்றவரிடம் நாளை பேசுகிறேன். குழுவுக்கு விளக்குவதா வேண்டாமா என்பதை அவரே முடிவு செய்யட்டும்.