மறு: டெல்டா செக் – தமிழில் என்ன சொல்லலாம்?

> 'வேறுபாட்டுச் சோதனை' போதுமே, எளிதாக இருக்கிறது.

ஐயா, வணக்கம். எளிதுதான். ஆனால் ஆய்வகத்தில் 'சோதனை' என்றாலே ரத்தச் சோதனைதான். இன்னொரு முறை ஊசி போடப் போகிறார்கள் என்று நினைத்துவிடுவார்கள். டெல்டா செக்கில் புதிதாக எதையும் சோதிப்பதில்லை. இன்று வந்த அளவை, அதே ஆளின் முந்தைய அளவோடு கணினி ஒத்துப் பார்க்கிறது. 1974-இல் நோசன்சுக், காட்மன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் எழுதிய கட்டுரையிலேயே 'டெல்டா செக்' என்ற பெயர் இருக்கிறது.

ஒரு ராத்திரிப் பணியில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு நோயாளிக்கு எம்.சி.வி., அதாவது சிவப்பணுவின் சராசரிப் பருமன், முந்தின நாள் 71. அன்று 93. இந்த 93 இயல்பான அளவு. தனியாகப் பார்த்தால் யாரும் நிறுத்த மாட்டார்கள். ஹீமோகுளோபினாவது ரத்தக்கசிவில் ஒரே நாளில் இறங்கும். எம்.சி.வி. ரத்தம் ஏற்றினால் ஒழிய பொதுவாக இப்படித் தாவாது. வார்டுக்குப் போன் செய்தேன், ஏற்றவில்லை என்றார்கள். பக்கத்துப் படுக்கைக்காரரின் குழாயோடு லேபிள் மாறியிருந்தது. பார்கோடைக் கருவி சரியாகத்தான் படித்தது. உள்ளே இருந்தது வேறொருவர் ரத்தம்.

பெரிய ஆய்வகங்களில் இப்போதே ரத்தக் குழாயைத் தானியங்கித் தடம் நகர்த்துகிறது, மூடியைக் கருவி திறக்கிறது, விதிகளுக்குள் அடங்கிய முடிவுகள் ஆள் கண்ணில் படாமலே மருத்துவருக்குப் போகின்றன. இது இன்னும் பரவத்தான் போகிறது. அங்கே மாறிப்போன குழாயைப் பிடிக்க இந்த ஒப்பீட்டைத்தான் பெரிதும் நம்ப வேண்டியிருக்கும். அதனால் எதோடு ஒப்பிடுகிறோம் என்பது பெயரிலேயே தெரிய வேண்டும் என்று நினைக்கிறேன்.

'முன்முடிவு ஒப்பீடு' என்று எழுதிப் பார்த்தேன். முன்முடிவு என்றால் விசாரிக்காமலே தீர்மானிப்பது என்றாகிவிடுகிறது. 'தாவல் சரிபார்ப்பு' பிடித்திருந்தது, ஆனால் உலாவியின் தாவல் குறுக்கே நிற்கிறது.

'முன்னளவு ஒப்பீடு' எப்படி? 'வேறுபாடு' கழித்தல் கணக்கோடு நின்றுவிடும். பல அளவுகளை ஒருசேர வைத்துப் பார்க்கும் இயந்திரக் கற்றல் முறைகளையும் இப்போது முயன்று வருகிறார்கள். அதற்கும் இந்தச் சொல் பொருந்தும். பேச்சிலும் உட்காருகிறது: "பதினோராம் பெட் முன்னளவு ஒப்பீட்டில் நிக்குது, வேற சாம்பிள் கேளுங்க."

அப்புறம், சந்தேகமான முடிவுக்குக் கணினி இடும் அடையாளமான 'ஃபிளாக்' என்பதற்குக் 'கொடி' வேண்டாம். எங்கள் திரையில் அது ஒரு மஞ்சள் கட்டம்தான். 'எச்சரிக்கைக் குறி' சரியாக வருமா, சொல்லுங்கள்.