சேர்த்து வைத்தது ஒன்று, தீர்ந்துபோனது வேறொன்று: ஊரடங்கு நாட்களின் அனுபவங்கள்

நால்வர், ஒருவர் எழுதியதைப் படித்துவிட்டு அடுத்தவர் என்று, தொடர்ந்து எழுதியவை.

மடிப்பாக்கம், சென்னை

2015 டிசம்பர் வெள்ளத்தில் தெருவில் இடுப்பளவுத் தண்ணீர் நின்றபோது, மின்சாரமும் பாலும் இல்லாமல் மூன்று நாட்களை மாடியில் கழித்த குடும்பம் எங்களுடையது. அன்று அரை லிட்டர் பால் பாக்கெட்டை 50 ரூபாய் கொடுத்து வாங்கிய நினைவு மனதில் எங்கேயோ தங்கிவிட்டது போலும். 2020 மார்ச்சில் கொரோனாவைப் பற்றிய பேச்சு வலுக்கத் தொடங்கியதும், யாரும் சொல்லாமலே நான் ஒரு பட்டியல் எழுதினேன்: 25 கிலோ புழுங்கலரிசிச் சிப்பம் ஒன்று, 5 கிலோ துவரம்பருப்பு, 5 லிட்டர் எண்ணெய், மெழுகுவத்தி, தீப்பெட்டி, பால் பவுடர், டார்ச்சுக்கு பேட்டரி, தண்ணீர் கேன் நான்கு. மார்ச் 22, ஞாயிற்றுக்கிழமை, மக்கள் ஊரடங்கு நாளில் இவை அத்தனையும் வீட்டில் இருந்தன. என் மனைவி அவற்றை ஒருமுறை பார்த்துவிட்டு, "இதெல்லாம் மழைக்கா, காய்ச்சலுக்கா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியின் பொருள் எனக்கு அப்போது விளங்கவில்லை.

இரண்டு நாள் கழித்து, 24ஆம் தேதி இரவு, 21 நாள் ஊரடங்கு அறிவிக்கப்பட்டது. ஐந்து பேர் கொண்ட எங்கள் வீட்டில் நாளொன்றுக்கு ஒன்றேகால் கிலோ அரிசி செலவாகும். சிப்பம் சரியாக 20 நாட்களுக்கு வரும். கணக்கு இவ்வளவு கச்சிதமாக அமைந்ததில் எனக்குச் சற்றுப் பெருமைகூட இருந்தது. ஆனால் அந்த 21 நாட்களில் மின்சாரம் நிற்கவில்லை. பால் ஒருநாளும் தவறாமல் காலை ஐந்தரைக்கு வந்தது. குழாயில் தண்ணீர் வந்தது. முந்தைய ஆண்டு கோடையில் செம்பரம்பாக்கம் வற்றிப்போய், லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு காத்திருந்த எங்களுக்கு, நோய் வந்த ஆண்டில் கை கழுவத் தண்ணீர் இருந்ததே பெரிய நிம்மதி. மெழுகுவத்தியில் ஒன்றைக்கூட நாங்கள் ஏற்ற நேரவில்லை.

தீர்ந்துபோனது அம்மாவின் மாத்திரை. முடக்குவாதத்துக்காக அம்மா பல ஆண்டுகளாக தினமும் 200 மில்லிகிராம் ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் எடுத்துவருகிறார். மார்ச் மூன்றாம் வாரம் வரை, அந்தப் பெயரை எங்கள் தெரு மெடிக்கலில் என்னைத் தவிர வேறு யாரும் உச்சரித்துக் கேட்டதில்லை. அது கொரோனாவுக்கு உதவக்கூடும் என்று அமெரிக்க அதிபர் டிரம்ப் பேசினார். மார்ச் 23 அன்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், கொரோனா நோயாளிகளைக் கவனிக்கும் சுகாதாரப் பணியாளர்களும், தொற்று உறுதியானவர்களின் வீட்டாரும் முன்தடுப்பாக அதை எடுத்துக்கொள்ளலாம் என்று அறிவுறுத்தியது. அறிவுரை அவர்களுக்குத்தான்; வாங்கியவர்கள் யார் யாரோ. நான் போனபோது கடைக்காரர், "நேற்று ஒருத்தர் வந்து பத்து அட்டை மொத்தமா வாங்கிட்டுப் போனார் சார், அவருக்கு எந்த நோயும் இல்லை" என்றார். அம்மாவிடம் மீதமிருந்தவை 11 மாத்திரைகள்.

25ஆம் தேதி அந்த மருந்தின் ஏற்றுமதிக்குத் தடை வந்தது; 26ஆம் தேதி அது எச்1 அட்டவணைக்கு மாற்றப்பட்டது. அதாவது, மருத்துவரின் சீட்டைப் பார்த்து, தனிப் பதிவேட்டில் விவரம் எழுதிக்கொண்டுதான் கடைக்காரர் அதைத் தர முடியும். முறைப்படி யோசித்தால் இது எங்களைப் போன்றவர்களைக் காப்பாற்றுவதற்கான விதியே. ஆனால் என் கையில் இருந்த சீட்டு ஏழு மாதப் பழையது, அம்மாவின் மருத்துவருடைய கிளினிக்கோ மூடிக்கிடந்தது. நல்லவேளையாக அதே 25ஆம் தேதி தொலைமருத்துவத்துக்கான வழிகாட்டு நெறிகளும் வெளியாகியிருந்தன. மருத்துவர் வாட்ஸப் வழியே பேசி, கையெழுத்திட்ட சீட்டைப் படமெடுத்து அனுப்பினார். இந்த மருந்து உடம்பில் வாரக்கணக்கில் தங்கக்கூடியது என்றும், கிடைக்கும்வரை ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுத்தால் உடனே ஒன்றும் ஆகிவிடாது என்றும் அவர் சொன்ன பிறகுதான் அன்று நான் தூங்கினேன். ஒன்பதாவது நாள், வேளச்சேரியில் ஐந்தாவது கடையில் மூன்று அட்டை கிடைத்தது.

ஜூன் 5 அன்று இங்கிலாந்தின் ரெக்கவரி ஆய்வுக் குழுவினர், மருத்துவமனையில் இருக்கும் கொரோனா நோயாளிகளுக்கு அந்த மாத்திரையால் பயனில்லை என்று அறிவித்தார்கள். அந்தப் பத்து அட்டையை வாங்கிச் சென்றவரின் அலமாரியில் அவை இன்னும் கிடக்கின்றனவா என்று அவ்வப்போது நினைத்துக்கொள்வேன்.

வில்லாபுரம், மதுரை

மடிப்பாக்கத்து அண்ணன் மாத்திரையைச் சொன்னார். எங்கள் வீட்டில் மாவரைப்பது நின்றுபோனது அதைவிட அற்பமான ஒரு பொருளால். மிக்ஸி ஜாரின் அடியில் இருக்கும் கப்ளர், 30 ரூபாய்ச் சாமான், ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் பல் தேய்ந்து உடைந்தது. மளிகைக் கடை, காய்கறிக் கடை, மருந்துக் கடை எல்லாம் அத்தியாவசியம் என்று திறந்திருந்தன. மிக்ஸி பழுது பார்க்கும் கடையை யாரும் அத்தியாவசியம் என்று கருதவில்லை. அரிசியும் உளுந்தும் டப்பா நிறைய இருந்தும் எங்களால் மாவரைக்க முடியவில்லை. கொல்லைப்புறத்தில் துணி துவைக்கும் கல்லுக்கு முட்டுக்கொடுத்துக் கிடந்த மாமியாரின் ஆட்டுக்கல்லைப் புரட்டி எடுத்தோம். கொத்திப் பத்து வருடமாகியிருக்கும். வழவழவென்று இருந்த கல்லில் உளுந்து சுற்றிச் சுற்றி வந்ததே தவிர, மசியவில்லை. முன்பெல்லாம் 'அம்மி கொத்தலையோ' என்று தெருவில் கூவிக்கொண்டு வருபவரை, நமக்கெதற்கு என்று எத்தனை முறை திருப்பி அனுப்பியிருப்போம். மாமியார் மட்டும் சலிக்காமல், தண்ணீரைக் குறைவாகத் தெளித்து, ஒன்றரை மணி நேரம் ஆட்டினார். இட்லி நன்றாகவே வந்தது.

ஏப்ரல் 24 அன்று, சென்னை, கோவை, மதுரை மாநகராட்சிகளில் 26 முதல் 29 வரை நான்கு நாட்களுக்கு முழு ஊரடங்கு என்று அறிவித்தார்கள். இடையில் இருந்தது 25ஆம் தேதி ஒன்றுதான். நான்கு நாட்கள் காய்கறி வாங்காவிட்டால் எந்தக் குடும்பமும் அழிந்துவிடாது என்பது இன்று தெளிவாகத் தெரிகிறது, அன்று தெரியவில்லை. ஒரு மாதமாகத் தெருமுனைக்குக்கூடப் போகாத நான், அந்த ஒரு நாள் காலையில், தோளோடு தோள் உரசும் கூட்டத்துக்குள் போய் நின்றேன். நோய்க்குப் பயந்து வீட்டிலிருந்தவர்களை, பற்றாக்குறையின் பயம் நோயிடமே கொண்டுபோய்ச் சேர்த்தது. 5 கிலோ தக்காளியும் மூன்று கட்டுக் கீரையும் வாங்கி வந்தேன். கீரை மறுநாளே வாடியது, தக்காளியில் பாதியைத் தொக்காக்கினேன். அந்த நான்கு நாட்களும் உண்மையில் நாங்கள் சாப்பிட்டது, பரணிலிருந்த சுண்டைக்காய் வற்றலும், மணத்தக்காளி வற்றலும், வாசல் முருங்கையின் கீரையும்தான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த ஆண்டு மே 4 அன்று மீனாட்சி திருக்கல்யாணத்தை இணையத்தில்தான் பார்த்தோம். அன்று தாலிக்கயிறு மாற்றிக்கொள்வது எங்கள் ஊர் வழக்கம். கயிறு விற்கும் கடைகள் எதுவும் இல்லை. வீட்டிலிருந்த வெள்ளை நூலைத் திரித்து, மஞ்சளை உரசிப் பூசி, வெயிலில் காயவைத்துக் கட்டிக்கொண்டோம். பக்கத்து வீட்டுப் பெண்கள் நால்வருக்கும் சுவர் வழியாக நூல் கொடுத்தோம்.

அம்பத்தூர், சென்னை

நான் கல்லாவில் உட்கார்ந்திருந்தவன். ஆகவே மறுபக்கத்தைச் சொல்கிறேன். மார்ச் 24 மாலை 6 மணிக்கே தமிழ்நாட்டில் 144 தடை தொடங்கிவிட்டது. இரவு 8 மணிக்குப் பிரதமர் பேசி முடித்த சற்று நேரத்தில், நான் பாதி இறக்கிய ஷட்டருக்கு வெளியே முப்பது பேர் நின்றார்கள். முதலில் வந்தவர்கள் காரில் வந்தவர்கள். ஒருவர் 15 கிலோ சர்க்கரை கேட்டார். அவர் வீட்டில் மூன்று பேர், அதில் ஒருவருக்குச் சர்க்கரை நோய் என்பது எனக்குத் தெரியும். தினக்கூலி வாங்குபவர்கள் அன்று வரவேயில்லை. 10 ரூபாய்க்கு எண்ணெய், கால் கிலோ பருப்பு, ஒரு பாக்கெட் ஷாம்பு என்று அன்றன்றைக்கு வாங்குபவர்கள் அவர்கள். 21 நாட்களுக்கு முன்கூட்டியே வாங்கு என்றால் எதைக் கொண்டு வாங்குவார்கள்? மறுநாள் முதல் ஒரு வீட்டுக்குப் பருப்பு 2 கிலோ, எண்ணெய் 2 லிட்டர் என்று அட்டையில் எழுதித் தொங்கவிட்டேன். "அண்ணாச்சி, காசு கொடுத்துத்தானே கேட்கிறோம்" என்று சண்டை போட்டவர்களும், இன்றுவரை என் கடைக்குத் திரும்பி வராதவர்களும் உண்டு.

சரக்கு நாட்டில் இல்லாமல் போகவில்லை என்பதைப் பலர் நம்பவில்லை. ஆலையில் நெல் இருந்தது, மூட்டை தூக்க ஆள் இல்லை. லாரி இருந்தது, ஓட்டுநர் ஊருக்குப் போய்விட்டார், வழியில் சாப்பாட்டுக் கடையும் கிடையாது. பாரிமுனையில் இருக்கும் மொத்த வியாபாரி, பத்து மூட்டை கேட்டால் மூன்று தந்தார். ஏப்ரல் 5 முதல் கடை நேரத்தையும் பகல் 1 மணியோடு முடித்துக்கொள்ளச் சொன்னதால், சரக்கு வந்து இறங்கும் நேரத்தில் வாங்குபவர் இல்லை, வாங்க வருபவர் இருக்கும் நேரத்தில் சரக்கு இல்லை. அந்த மாதம் ரேஷன் கடைகளில் டோக்கன் கொடுத்து, அட்டைக்கு ஆயிரம் ரூபாயும் அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரையும் வழங்கியபோதுதான் என் கடையில் நெரிசல் தணிந்தது. வியாபாரம் குறைந்ததே என்று நான் வருந்தவில்லை. சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

நான் எதிர்பாராத தட்டுப்பாடு கோதுமை மாவில் வந்தது. எங்கள் பக்கம் அரிசி தின்பவர்கள்; மாதத்துக்கு முப்பது, நாற்பது பாக்கெட் மாவுக்கு மேல் நான் வைத்ததில்லை. தொழிற்பேட்டையில் வேலை செய்த பீகார், ஒடிசாப் பையன்கள் அதுவரை கேன்டீனில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள். ஆலை மூடியதும் கேன்டீனும் மூடியது. ஒரே அறையில் எட்டுப் பேர், அடுப்பு ஒன்று. ஐந்து கிலோ, பத்து கிலோ என்று மாவு கேட்டு வந்தார்கள். மாவு தீர்ந்ததும் பார்லே-ஜி வாங்கினார்கள். அந்த பிஸ்கட்டைப் பெட்டி பெட்டியாக நான் விற்றது அந்த இரண்டு மாதங்களில்தான். அவர்கள் பெயரில் கடன் நோட்டில் தனியாக ஆறு பக்கங்கள் எழுதினேன். மே மாதம் சிறப்பு ரயில்கள் விட்டதும் அவர்கள் ஊருக்குப் போனார்கள். அதே மாதம் 5ஆம் தேதி கோயம்பேடு காய்கறிச் சந்தையை மூடி, பிறகு திருமழிசைக்கு மாற்றினார்கள். வெங்காயம், தக்காளிக்காக நான் பட்ட பாட்டைத் தனியாகத்தான் எழுத வேண்டும். அந்தப் பையன்களின் கடன் நோட்டில் ஆறு பக்கங்களில் ஏறக்குறைய நான்கு பக்கங்களை அடித்தாகிவிட்டது. ஊருக்குப் போய்ச் சேர்ந்த பிறகு கூகுள் பே வழியே அனுப்பினார்கள்.

பீளமேடு, கோவை

நீங்கள் எல்லோரும் 2020ஐ எழுதுகிறீர்கள். எங்கள் வீட்டுக்கு அது ஒத்திகைதான். 2021 மே இறுதியில் அன்றாடத் தொற்று எண்ணிக்கையில் கோவை சென்னையையே முந்தியது. அந்த நாட்களில் நான், கணவர், அத்தை மூவரும் ஒரே வாரத்தில் விழுந்தோம். சமையலறையில் இரண்டு மாதத்துக்கான சாமான் இருந்தது; அடுப்பின் முன்னால் நிற்க ஆள் இல்லை. முந்தைய ஆண்டு நான் போட்ட பட்டியல் எல்லாம், சமைக்கிறவள் நலமாக இருப்பாள் என்ற நினைப்பில் போட்டவை. உளுந்தும் கொண்டைக்கடலையும் ஊறவைத்து, அரைத்து, வேகவைத்துச் சாப்பிட வேண்டியவை. காய்ச்சலில் கிடப்பவளுக்கு அவை கல்லுக்குச் சமம். எங்களைக் காப்பாற்றியவை அவலும், சத்துமாவும், காய்ச்சி ஆறிய நீரில் கரைக்கும் உப்பு சர்க்கரைக் கரைசல் பாக்கெட்டுகளும். எழுந்து நிற்க முடிந்த ஒருநாள் சோறு வைத்தேன். அது அடிபிடித்துக் கருகும்வரை மூவரில் ஒருவருக்கும் வாசனை தெரியவில்லை. அதன்பிறகு எரிவாயு கசிந்தாலும் தெரியாதே என்று, ஒவ்வொரு முறையும் ரெகுலேட்டரை மூடிவிட்டுத்தான் படுத்தேன்.

ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவைக் காட்டும் ஆக்ஸிமீட்டரை முதல் அலையின்போதே வாங்கியிருக்கலாம். இரண்டாம் அலையில் 2,800 ரூபாய் கொடுத்து, அதுவும் தம்பி மூன்று நாள் அலைந்த பிறகு கிடைத்தது. அத்தைக்கு அளவு 93க்கு இறங்கிய இரவில், படுக்கை கிடைக்குமா என்று தம்பி தொலைபேசியில் கேட்டுக்கொண்டிருக்க, சுகாதார அமைச்சகம் ஏப்ரலில் வெளியிட்டிருந்த முறைப்படி, கழுத்துக்கடியில் ஒன்று, நெஞ்சிலிருந்து தொடை வரை இரண்டு, முழங்காலுக்குக் கீழே கணைக்காலுக்கடியில் இரண்டு என்று தலையணைகளை வைத்துக் குப்புறப் படுக்கச் செய்தோம். வீட்டில் இருந்தது மூன்று தலையணை. மீதிக்குப் போர்வைகளைச் சுருட்டினோம். விடியும்போது 95. பத்து நாட்களும் எதிர்வீட்டு அக்கா கேட்டில் தூக்குச்சட்டியை மாட்டிவிட்டு, "வச்சிட்டேன் கண்ணு, எடுத்துக்கோங்க" என்று குரல் கொடுத்துவிட்டுப் போவார்.

மடிப்பாக்கம், மறுபடியும்

இப்போதைய பட்டியலைக் கேட்டவர்களுக்கு. அரிசியை அதே 25 கிலோவாகத்தான் வாங்குகிறேன். வசம்புத் துண்டும் காய்ந்த வேப்பிலையும் போட்டு வைக்கிறோம், புதியதைத் திறக்குமுன் பழையதைத் தீர்க்கிறோம். ரவையையும் மைதாவையும் சேர்த்து வைப்பதை விட்டுவிட்டோம். வண்டுக்குத்தான் அவை பயன்பட்டன. அம்மாவின் மாத்திரை மூன்று மாதத்துக்கு இருக்கிறது. ஆறு மாதத்துக்கு வாங்கி வைக்கலாம் என்று ஒருமுறை கை நீண்டது. பத்து அட்டைக்காரர் நினைவுக்கு வந்ததால் நிறுத்திக்கொண்டேன். மருத்துவச் சீட்டைப் புதுப்பிக்க வேண்டிய தேதியை நாட்காட்டியில் வட்டமிட்டு வைக்கிறேன். கோவைச் சகோதரி சொன்ன அவலும் உப்பு சர்க்கரை பாக்கெட்டும் நேற்றுதான் பட்டியலில் ஏறின. மதுரைச் சகோதரியின் அனுபவத்தைப் படித்துவிட்டு, மிக்ஸி கப்ளர் இரண்டு வாங்கி வந்தேன். எங்கள் ஜாருக்குப் பொருந்தவில்லை. நாளை ஜாரையும் எடுத்துக்கொண்டு போய் மாற்றி வர வேண்டும்.