இறவாணத்தில தார் ஷீற் உக்கிப்போச்சு, முழு ஓட்டையும் இறக்க வேணுமோ?

கொக்குவில்வாசி:
கலிகட் ஓட்டு வீடு. கைமரத்துக்கு மேல கறுப்புத் தார் ஷீற், அதுக்கு மேல சிலாகை (ஓடு கொளுவுற குறுக்குச் சட்டம்), பிறகு ஓடு. இறவாணத்தில கடைசி ஒரு அடி ஷீற் மட்டும் தொட்டால் உதிருது. மழைத்தண்ணி பீலிக்குள்ள விழாமல் கைமர நுனியில அடிச்ச பலகைக்குப் பின்னால இறங்கிச் சுவரை நனைக்குது. 30 அடி நீளம். சிலிக்கன் பூசிச் சமாளிக்கலாமோ?

பனங்கூடல்:
சிலிக்கன் தாரில ஒட்டி நிக்காது, உக்கினதில அறவே நிக்காது. முழு ஓடும் இறக்கத் தேவையில்லை, கீழ் மூண்டு வரிசை காணும். ஓரத்து ஓட்டுக்குக் கம்பி கட்டியிருந்தால் முதல்ல அதை வெட்டுங்கோ.

கீழயிருந்து முதல் ரெண்டு சிலாகையையும் கழட்டுங்கோ. ரெண்டாவது சிலாகை இருந்த கோட்டுக்கு 2 அங்குலம் கீழ பழைய ஷீற்றை நேரா வெட்டி எடுங்கோ. புதுத் துண்டின்ர மேல் விளிம்பை மூண்டாவது சிலாகை ஆணி தட்டுமட்டும் பழசுக்கு அடியில செருகவேணும். பழசு மேல, புதுசு கீழ. மாறி வைச்சால் வாற தண்ணி நேரா வீட்டுக்குள்ள. ரெண்டாவது சிலாகையைத் திருப்பி அடிக்கேக்க ரெண்டையும் சேர்த்துப் பிடிக்கும்.

1 மீற்றர் அகல றோலில 10 மீற்றர் போதும். பக்கத்து மூட்டு 6 அங்குலம், கைமரத்துக்கு மேலதான் வரவேணும். கைமரங்களுக்கு இடையில ஷீற்றை மத்தளம் மாதிரி இழுத்துக் கட்டாதேங்கோ. அரை அங்குலம் தொய்ஞ்சு கிடந்தால் தண்ணி நடுவால ஓடும், ஆணித் துளைக்குப் போகாது. ஆணி கல்வனைஸ்ட். கடல் பக்கம் எண்டால் ஸ்டெயின்லெஸ் வாங்குங்கோ.

ஓடாவி_வடமராட்சி:
மேல சொன்னது சரி, ஆனா ஏன் அந்த ஒரு அடி மட்டும் உக்கினது எண்டு பாக்காமல் மாத்தினால் இதே இடம் திரும்பவும் போகும். காரணம் ரெண்டு. பீலிக்குள்ள தொங்குற நுனியில வெயில் படுது. தார் ஷீற் வெயிலுக்குத் தாங்காது, காய்ஞ்சு வெடிக்கும். மற்றது, கடைசிச் சிலாகைக்கும் பலகைக்கும் இடையில ஷீற் பள்ளமாத் தொய்ஞ்சு தண்ணி தேங்குது.

பள்ளத்துக்கு, பலகைக்குப் பின்னால ஆப்பு வடிவாச் சீவின மரத்துண்டைக் கைமரத்தில வைச்சு அடியுங்கோ, ஷீற் அதில சாய்ஞ்சு படுக்கட்டும். வெயிலுக்கு, 9 அங்குல அகல அலுமினியத் தகட்டை மடிச்சு பீலிக்குள்ள 2 அங்குலம் இறக்கி, தார் ஷீற்றைத் தகட்டுக்கு மேலயே நிப்பாட்டுங்கோ. வெளியில தெரியிறது தகடு மட்டும்தான்.

ஷீற்றை எடுத்த கையோட கைமர நுனியையும் ஸ்குறூ டிறைவரால குத்திப் பாருங்கோ. பனை வைரம் எண்டால் இறங்காது. இறங்கினால் உக்கல் இல்லாட்டிக் கறையான், அதுக்கு மேல ஆணி அடிச்சுப் பிரயோசனமில்லை.

கொக்குவில்வாசி:
நன்றி அண்ணை. பீலியைக் கழட்ட வேணுமோ? எப்ப செய்யிறது நல்லது?

ஓடாவி_வடமராட்சி:
கொளுக்கி பலகையில அடிச்சிருந்தால் பீலி கிடக்கட்டும். கைமரத்தில அடிச்சிருந்தால் கழட்டத்தான் வேணும்.

பனங்கூடல்:
பங்குனி, சித்திரைதான் திறம். சோளகக் காத்துத் தொடங்கினால் விரிச்ச ஷீற்றைப் பிடிக்க நாலு பேர் வேணும். ஐப்பசி வரைக்கும் இழுத்தால் மழை முந்தீரும். ஓட்டில மிதிக்காமல் கைமரத்துக்குக் குறுக்கால பலகை போட்டு நில்லுங்கோ, 10 ஓடாவது மேலதிகமா வைச்சிருங்கோ.